படகின் வெளிப்புறத் தேக்குக்கு எண்ணெயா, வார்னிஷா, ஒன்றுமே வேண்டாமா?

கேள்வி: 1980-களில் தைவானில் கட்டிய 36 அடிப் பாய்மரப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். படகு லங்காவியில் நிற்கிறது, நான் இருப்பது கோலாலம்பூரில். இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் போக முடியும். தளத்தின் விளிம்பில் ஓடும் ஓரப்பட்டை, கைப்பிடிக் கட்டைகள், ஹேட்ச் (தளத்துத் திறப்பின் மூடி) சட்டம், வாசல் பலகை எல்லாம் தேக்கு. சாம்பல் பூத்துக் கிடக்கிறது. தேக்கு எண்ணெய் தேய்ப்பதா, வார்னிஷ் அடிப்பதா, அப்படியே விடுவதா?

பதில்:

லங்காவியில் படகுப் பட்டறையில் பதினோரு வருடம் மரவேலை பார்த்தவன் நான். அப்பா சுங்கைப் பட்டாணியில் மேசை நாற்காலி செய்த தச்சர். அந்தக் கையோடு பட்டறைக்குப் போனேன், பிரஷ்ஷைக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். முதல் இரண்டு வருடம் சுரண்டியும், சூடான காற்றை ஊதிப் பூச்சை இளக்கும் ஹீட் கன்னும்தான் கொடுத்தார்கள். மற்றவர்கள் ஆசையாகப் பூசியதை நான் உரித்துக்கொண்டே இருந்தேன். அதனாலோ என்னவோ, எந்தப் பூச்சைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தோன்றுவது இது எப்படிக் கழன்று வரும் என்பதுதான். லங்காவி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஆறு பாகைதான். இந்த வெயிலில் தோற்காத பூச்சு கிடையாது. பழுதானபின் எதைச் சுலபமாக எடுக்க முடியுமோ அதைத்தான் பூச வேண்டும்.

ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். தேக்கைக் காப்பாற்றப் பூச்சு தேவையில்லை. வைரம் பாய்ந்த தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ச் சத்தும் சிலிக்காவும் உண்டு. மேலே வெயில் பட்டு நிறம் வெளுக்கும், அவ்வளவுதான். நீங்கள் பார்க்கிற சாம்பல் நிறம் தோல் அளவுதான், உள்ளே மரம் அப்படியே இருக்கும். பூச்சு கண்ணுக்காக. அந்த ஆசை தப்பில்லை, எனக்கும் உண்டு. ஆனால் மரம் கெட்டுப்போகும் என்ற பயத்தில் எதையும் பூசாதீர்கள்.

எண்ணெயை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். டப்பாவில் தேக்கு எண்ணெய் என்று எழுதியிருக்கும், தேக்கிலிருந்து எடுத்தது அல்ல. பெரும்பாலும் ஆளி விதை எண்ணெயோ டங் எண்ணெயோ, கூடக் கொஞ்சம் தின்னர். தேய்த்த அன்று படகு கல்யாணப் பெண் மாதிரி இருக்கும். இந்த ஊர் ஈரத்தில் ஆறு வாரம் தாண்டாது. அதைவிட மோசம், ஆளி விதை எண்ணெய் பூஞ்சைக்குச் சாப்பாடு. மரத்தின் ரேகைக்குள் கறுப்புப் புள்ளி விழுந்து, பிறகு மொத்தமும் கரியாகும். நீங்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர், ஒவ்வொரு முறையும் கறுப்பைத் தேய்த்து எடுப்பதிலேயே விடுமுறை தீர்ந்துவிடும். யாராவது எண்ணெய் தேய்த்தே தீருவேன் என்றால் ஒரே ஒரு எச்சரிக்கை: எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது சூடேறித் தானே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் வாளியில் போடுங்கள்.

அடுத்தது இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பாலியூரிதேன். விற்பவர்கள் இரண்டு மூன்று வருடம் உழைக்கும் என்பார்கள். பொய்யில்லை, உழைக்கும். கண்ணாடி மாதிரிக் கெட்டியான தோல் அது. ஆனால் ஒரு திருகாணித் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் போதும். தோலுக்கு அடியில் மஞ்சளும் வெள்ளையுமாகத் திட்டு படரும். மேலே எவ்வளவு பூசினாலும் மறையாது, அந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டவும் முடியாது. அப்படி ஒரு படகின் ஓரப்பட்டையை நான் ஒருவனாக உரித்தேன், ஒன்பது நாள் ஆனது. பூச்சு உரிக்கும் மருந்து போட்டால் அசையவில்லை, ஹீட் கன்னுக்குத்தான் இளகியது. கொஞ்சம் அசந்தால் மரம் கருகிவிடும். அந்தப் படகுக்காரர் கடைசியில் ஒன்றுமே பூசாமல் விட்டுவிட்டார் என்பது வேறு கதை.

சிக்கென்ஸ் செடோல் என்ற பூச்சை லங்காவியில் நிறையப் படகுகளில் பார்ப்பீர்கள். வார்னிஷைவிடச் சுலபம். மூன்று கோட், நடுவே உப்புத்தாள் தேய்க்கும் வேலை அவ்வளவாக இல்லை. வருடத்துக்கு ஒருமுறை லேசாகத் தேய்த்து மேலே ஒரு கோட் கொடுத்தால் ஓடும். உரிப்பதும் கஷ்டமில்லை. வெயிலைத் தடுக்க அதில் இரும்பு ஆக்சைடு நிறமி சேர்ப்பதால் பழைய வகை ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். பூசணிக்காய்ப் படகு என்று எங்கள் பட்டறையில் கேலி செய்வோம். பிறகு வந்த 'நேச்சுரல் டீக்' வகை பரவாயில்லை. அழகில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க மனமிருந்தால் குறைசொல்ல ஒன்றுமில்லை.

வார்னிஷ் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. எபிஃபேன்ஸ் போன்ற பழைய முறை வார்னிஷ், டங் எண்ணெயும் பிசினும் சேர்ந்தது. நெதர்லாந்துக்காரர்கள் 1902-இலிருந்து நடத்திவரும் நிறுவனம். காய்ந்த பிறகும் கொஞ்சம் நெகிழ்வாக இருக்கும், மரத்தோடு சேர்ந்து அசையும். ஹீட் கன்னைக் காட்டினால் நாடா மாதிரி சுருண்டு வரும். அதனால்தான் அதன் மேல் எனக்குப் பிரியம்.

ஆனால் உழைப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 36 அடிப் படகில் இரண்டு பக்க ஓரப்பட்டையும் சேர்த்து 70 அடிக்கு மேல் வரும். எட்டுக் கோட் என்றால் 560 அடி. ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே தேய்க்க வேண்டும், துடைக்க வேண்டும். பக்கத்து இடங்களில் படாமல் இருக்க ஒட்டும் டேப்பையும் பலநாள் விட்டுவைக்க முடியாது, வெயிலில் பசை கட்டி ஒட்டிக்கொள்ளும். முதல் கோட்டைப் பாதிக்குப் பாதி தின்னர் கலந்து மரத்துக்குள் இறங்கவிட வேண்டும். இரண்டாவதில் கால்வாசி, அதற்குப் பிறகு படிப்படியாகக் குறைத்து முழு வார்னிஷுக்கு வர வேண்டும். முதல் கோட்டுக்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைப்பது முக்கியம். தேக்கின் எண்ணெய் மேலே வந்து நின்றால் வார்னிஷ் பிடிக்காது, துடைத்த கையோடு பூசிவிட வேண்டும். டப்பாவைக் குலுக்கவே கூடாது. குலுக்கினால் குமிழி, குமிழியோடு அடித்தால் காய்ந்தபின் ஊசி குத்தின மாதிரித் துளைகள். வேண்டிய அளவை மட்டும் வடிகட்டி வேறு கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள். காலையில் பனி காய்ந்தபின் ஆரம்பித்து, மதியம் இரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். மாலைப் பனி விழுந்தால் மறுநாள் காலையில் பளபளப்பு போய்ப் பால் பூத்திருக்கும்.

கூர்மையான விளிம்புகளை உப்புத்தாளால் கொஞ்சம் உருட்டிவிடுங்கள். வார்னிஷ் விளிம்பில்தான் மெலிந்து நிற்கும், அங்கேதான் முதலில் வெடிக்கும். அதேபோல் கட்டையின் வெட்டுமுகம். தண்ணீரை உறிஞ்சும் வாய் அது, மற்ற இடத்துக்கு ஒரு கோட் என்றால் அதற்கு இரண்டு கொடுங்கள்.

இத்தனையும் செய்தபின், வெயிலில் நிற்கும் மரத்துக்கு இங்கே நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை மேல்கோட் வேண்டும். ஐரோப்பாவில் வருடம் ஒருமுறை போதும் என்று படித்திருப்பீர்கள், அது அந்த ஊர் வெயில். ஒரே ஒரு தவணை தப்பினால் எங்கோ ஒரு விரிசல், அதற்குள் மழைத்தண்ணீர், பிறகு மறுபடி அடிமரம் வரை உரிப்பு. உரிக்கும் ஒவ்வொரு முறையும் மரம் கொஞ்சம் குறைகிறது. நல்ல பர்மாத் தேக்கு இப்போது எளிதில் கிடைக்கும் சரக்கும் இல்லை. 2021 ஏப்ரலில் மியன்மார் அரசு மர நிறுவனத்தின் மேல் அமெரிக்கா தடை போட்டது. உங்கள் படகில் இருப்பதைச் சொத்து மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்தக் காலத் தைவான் படகுகளுக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் 'லீக்கி டீக்கி'. ஒழுகுகிற தேக்குக்காரி என்று வைத்துக்கொள்ளலாம். தேக்கை வாரி இறைத்திருப்பார்கள், ஒவ்வொன்றையும் தளத்துக்குள் திருகாணி இறக்கி முடுக்கியிருப்பார்கள். நாற்பது வருடத்தில் அடியில் போட்ட பசை செத்திருக்கும். நல்ல மழை நாளில் உள்ளே போய்க் கைவிளக்கோடு கூரையையும் அலமாரி மூலைகளையும் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால், அந்தக் கட்டையைக் கழற்றி மறுபடி பசை வைத்து இறுக்கும்வரை வார்னிஷ் டப்பாவைத் திறக்காதீர்கள். அடியிலிருந்து வரும் ஈரம் எந்தப் பூச்சையும் தூக்கிவிடும். திருகாணித் தலையை மூடும் சின்னத் தேக்குத் தக்கைகளில் எது ஆடுகிறது, எது காணோம் என்றும் பாருங்கள். புதுத் தக்கை அடிக்கும்போது அதன் ரேகை கட்டையின் ரேகையோடு ஒரே திசையில் நிற்கட்டும், இல்லையென்றால் எப்போதும் பொட்டு வைத்த மாதிரித் தெரியும்.

உங்கள் படகு என் கையில் இருந்தால் இப்படிச் செய்வேன். ஓரப்பட்டைக்கு ஒன்றும் பூசமாட்டேன். கயிறு உரசும், கால் மிதிக்கும், முழு வெயில் விழும் இடம் அது, சாம்பல் நிறத்திலேயே இருக்கட்டும். வரும்போதெல்லாம் கடல் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். ரேகைக்குக் குறுக்காகத் தேய்க்க வேண்டும், நெடுக்காகத் தேய்த்தால் மென்மையான பகுதி அரித்துப் பள்ளம் விழும். பிரஷர் வாஷரைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். கறுப்புக் கறை போகவில்லை என்றால் ஆக்ஸாலிக் அமிலம் கலந்த தண்ணீர், கையுறையோடு. அமிலத்துக்கு முன்பும் பின்பும் பக்கத்து இடங்களில் நிறையத் தண்ணீர் விடுங்கள். கடையில் ஒரு காரமும் ஒரு அமிலமுமாக ஜோடியாக விற்கும் கடுமையான கிளீனரை ஒருமுறை நான் அவசரத்தில் ஊற்றி, கீழே இருந்த அலுமினியப் பட்டையில் சாம்பல் கோடுகளை வரவழைத்தேன். அது கடைசிவரை போகவில்லை. படகுக்காரர் பெரிய மனது, திட்டிவிட்டு விட்டுவிட்டார்.

தளத்தில் தேக்கு இருந்தால் அதற்கும் பூச்சு வேண்டாம். வார்னிஷ் அடித்த தளம் ஈரத்தில் வாழைத்தோல்.

ஹேட்ச் சட்டம், கைப்பிடிக் கட்டை இரண்டுக்கும் வார்னிஷ் அடியுங்கள், அடித்த கையோடு கித்தான் உறையும் தைத்துப் போடுங்கள். சன்பிரெல்லா மாதிரி வெயில் தாங்கும் துணியில் தைத்தால் நாலு மாதத் தவணை ஒரு வருடத்துக்கு நீளும், என் அனுபவத்தில் சில படகுகளில் அதற்கு மேலும். உறை இல்லாமல், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிற ஒருவருக்கு வார்னிஷை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். உறை தைக்க மனமில்லை என்றால் செடோலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாசல் பலகைகளை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு கோலாலம்பூருக்குப் போய்விடுங்கள். எட்டென்ன, பத்துக் கோட் அடியுங்கள். நிழல், தூசி இல்லாத அறை, அவசரம் இல்லை. படகில் ஏறுகிறவர் கண் முதலில் போவது வாசலுக்குத்தான், உள்ளே நுழையும்போது கையும் அங்கேதான் படும். கை பழகுவதற்கும் அதுவே நல்ல இடம்.

மற்ற வேலைக்கு டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை வாருங்கள், லங்காவியில் மழை குறைந்த காலம். செப்டம்பர், அக்டோபரில் ஆரம்பித்தால் டேப் ஒட்டுவதும் மழைக்குக் கிழிப்பதுமாகத்தான் போகும்.