வால்வு எங்கே என்று தெரிந்தவர் ஓய்வு பெறும்போது

கேள்வி: எங்கள் ஊராட்சியில் நெடுங்காலமாக மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டராக இருப்பவர் சில மாதங்களில் ஓய்வு பெறுகிறார். எந்த வால்வு எங்கே புதைந்திருக்கிறது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். எழுதித் தரச் சொன்னால் மழுப்புகிறார். நான் என்ன செய்வது?
– ஓர் ஊராட்சிச் செயலர்

பதில்: உங்கள் கவலை நியாயமானது. ஆனால், அவர் மழுப்புகிறார் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பல ஆண்டுகள் கையாலும் காதாலும் கற்றதைத் தாளில் எழுதுவது எவருக்கும் எளிதன்று. மேலும், சொற்ப ஊதியம் பெறும் அவருக்கு, ஊரில் மரியாதையைத் தேடித் தந்தது அந்த அறிவு ஒன்றே என்ற எண்ணமும் இருக்கலாம். எழுத்தைக் கேட்பதை விட்டுவிட்டு அவரோடு தெருத்தெருவாக நடந்து செல்லுங்கள்.

அவருக்குப் பின் வரப்போகிறவரையும் இப்போதே உடன் அனுப்புங்கள். தண்ணீர் திறந்துவிடும் நேரத்தில் அவர் சொல்லச் சொல்ல, ஊர் வரைபடத்தில் குறித்து, ஒவ்வொரு வால்வையும் இருப்பிடக் குறியுடன் கைப்பேசியில் படம் எடுங்கள். மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏற எந்த வால்வை எத்தனை சுற்றுத் திறக்க வேண்டும், கோடையில் போர் மோட்டாரை எவ்வளவு நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்பவை எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் உங்கள் ஊரில் புதிய குழாய் பதித்திருந்தால், அது பழைய லைனோடு எங்கெங்கே சேர்கிறது என்பதைத் தனியாகக் கேளுங்கள். ஒப்பந்ததாரர் போன பிறகு அதை அறிந்தவர் பெரும்பாலும் ஆபரேட்டர்தான்.

தலைவர்களின் பதவிக்காலம் ஐந்தாண்டுதான். 2016 முதல் 2019 இறுதி வரையிலும், பல மாவட்டங்களில் 2025 ஜனவரிக்குப் பிறகும், தலைவரே இல்லாமல் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றபோது ஊராட்சிகளைத் தாங்கியது உங்களைப் போன்ற செயலர்களும் ஆபரேட்டர்களும் தூய்மைக் காவலர்களும் சேர்த்து வைத்திருந்த அனுபவமே. ஊராட்சியின் திறனை வரி வசூலாலும் தணிக்கைக் குறிப்புகளாலும் அளக்கிறோம். ஆள் மாறிய வாரத்திலும் தண்ணீர் தவறாமல் வருகிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

இருவரும் சேர்ந்து வேலை செய்யும் காலத்துக்குக் கூடுதல் ஊதியம் தேவைப்படும். வட்டார வளர்ச்சி அலுவலரிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் ஒப்புதல் கேளுங்கள். கடந்த ஆண்டின் மோட்டார், குழாய்ப் பழுதுச் செலவுக் கணக்கையும் அதனுடன் இணைத்தால், தவறான கையாளலுக்கு என்ன விலை கொடுக்க நேரும் என்பது அவருக்கும் விளங்கும்.

வரைபடம் முடிந்ததும், மார்ச் 22 உலக தண்ணீர் தினக் கிராம சபையிலோ அடுத்து வரும் கூட்டத்திலோ, அதை ஆபரேட்டரே மக்களுக்கு விளக்கட்டும். அதன் அடியில் அவர் பெயரையும் எழுதுங்கள். ஒரு நகலை ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள், நாளை உங்களுக்கும் மாறுதல் வரலாம்.