மேதைமையா, தயாரிப்பாளரா?

கேள்வி: இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவின் வெற்றிக்குக் காரணம் அவர்களுடைய இசை மேதைமையா, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் கைவண்ணமா?

பதில்: மெட்டுகள் அவர்களுடையவை, அதில் மறுபேச்சுக்கு இடமில்லை. ஆனால் 1965-இல் 'யெஸ்டர்டே' பாடலுக்கு நரம்பிசைக் கலைஞர்கள் நால்வரைச் சேர்க்கலாம் என்று சொன்னவர் மார்ட்டின். அதைப் பாடிய குழு உறுப்பினர் பால் மெக்கார்ட்னி முதலில் தயங்கினார். 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாடலின் இரண்டு பதிவுகளில் ஒன்றன் தொடக்கமும் மற்றதன் பிற்பகுதியும் அதை எழுதிய குழு உறுப்பினர் ஜான் லெனனுக்குப் பிடித்திருந்தன. சுருதியும் வேகமும் வேறுபட்ட அவ்விரண்டையும், ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக்கின் துணையோடு ஒலிநாடாவின் வேகத்தை மாற்றி மார்ட்டின் இணைத்த இடம், பாடல் தொடங்கி ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் வருகிறது. யாரேனும் சுட்டிக்காட்டினாலொழிய அது காதில் படுவதில்லை. எத்தனை அருமையான வேலை! பாடல்கள் இல்லையென்றால் மார்ட்டினுக்கு அங்கே வேலையே இருந்திராது என்பது உண்மைதான். ஆயினும் லெனன் மனத்தில் கேட்ட ஒலியை நாம் கேட்கும்படி செய்தவர் அவர் என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.