எட்டு மாதத்தில் ஊசி எதற்கு?

கேள்வி: எனக்கு 21 வயது. எட்டு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். 58 கிலோவிலிருந்து 63 கிலோ வரை ஏறினேன். கடைசி மூன்று மாதமாக அப்படியே நிற்கிறது. 'உன் உடம்புக்கு இயற்கையாக இவ்வளவுதான் வரும், ஒரு கோர்ஸ் (சில வாரம் தொடர்ந்து ஸ்டீராய்டு ஊசி) போட்டுவிடு' என்கிறார் மாஸ்டர். ஆணழகன் போட்டியில் ஏறும் ஆசையும் உண்டு. ஸ்டீராய்டு எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி.

ஸ்டீராய்டு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு நேரம் தூங்குகிறீர்கள், மூன்று மாதம் முன்பு பெஞ்ச் பிரஸ்ஸில் எத்தனை கிலோ தூக்கினீர்கள் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. எடை நின்றுபோனதற்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். ஸ்குவாட், டெட்லிஃப்ட், பெஞ்ச் பிரஸ், ரோயிங், புல் அப் போன்ற அடிப்படைப் பயிற்சிகளில் எடை, ரெப்ஸ் (நிறுத்தாமல் எத்தனை முறை தூக்கினீர்கள்), செட் (அப்படி எத்தனை சுற்று) மூன்றையும் ஒவ்வொரு நாளும் எழுதுங்கள். 50 கிலோவில் எட்டு ரெப்ஸ் வீதம் மூன்று செட் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே 50 கிலோவில் மூன்று செட்டும் பத்து ரெப்ஸ் வந்ததும் 52.5 கிலோவுக்குப் போங்கள். ரெப்ஸ் மறுபடி ஏழெட்டுக்கு இறங்கும், பரவாயில்லை, அங்கிருந்து ஏறுங்கள். மார்பில் பாரை எகிறவைத்து எடுத்த ரெப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இப்படி ஓராண்டு நோட்டு எழுதியவருக்குத் தன் உடம்பு எதற்கு வளர்கிறது, எதற்கு அசையாமல் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்றால் உங்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம். அதோடு மொத்தச் சாப்பாடும் கூட வேண்டும், இல்லாவிட்டால் எடை ஏறாது. தூக்கத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இளைஞர்களை ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டுப் பார்த்த ஆய்வில், அவர்களின் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் பகல் நேரத்தில் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு அதே ஹார்மோனை ஊசியில் தேடுவது என்ன கணக்கு?

மருந்து வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. 1996-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பத்து வாரம் அதிக அளவு டெஸ்டோஸ்டிரோன் போட்டுக்கொண்டு உடற்பயிற்சியே செய்யாதவர்களுக்குக்கூட, கொழுப்பு நீங்கலான எடை சுமார் 3 கிலோ கூடியது. மருந்தில்லாமல் பயிற்சி செய்தவர்களுக்குச் சுமார் 2 கிலோதான். எனக்குக் கவலை தருவது இதுதான். தப்பாகப் பயிற்சி செய்தாலும் உடம்பு ஏறும், அதனால் தப்பு தெரியாது. கோர்ஸ் முடிந்து சதை இறங்கும்போது, அதைக் காப்பாற்றும் வித்தை கையில் இருக்காது. அப்புறம் அடுத்த கோர்ஸ்தான். தசை வேகமாகப் பலம் பெறும் அளவுக்கு, அதை எலும்போடு இணைக்கும் தசைநாண் பலம் பெறாது; திடீரென்று ஏற்றிய எடையில் அது கிழிந்தால் மாதக்கணக்கில் ஓய்வுதான்.

வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை விரைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விந்தணு குறையும், விரை சுருங்கும். நிறுத்திய பிறகு பழைய நிலைக்கு வரப் பல மாதங்கள் ஆகலாம், சிலருக்கு முழுமையாக வருவதே இல்லை. நல்ல கொழுப்பு குறைகிறது, இதயச் சுவர் தடிக்கிறது. இவை கண்ணாடியில் தெரியாது. ஏற்கெனவே ஏதாவது போட்டிருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

நாலைந்து வருடம் ஒழுங்காகச் செய்த பிறகு எடுக்கலாமா என்று கேட்டாலும் என் பதில் மாறாது. ஆனால் அதற்குள் உங்களுக்கே அந்த ஆசை விட்டுப்போக வாய்ப்பு அதிகம். ஊக்கமருந்துப் பரிசோதனையோடு நடக்கும் இயற்கை ஆணழகன் போட்டிகளும் இருக்கின்றன. அதைக் குறிவையுங்கள்.

மாஸ்டரிடம் சண்டை வேண்டாம். 'ஒரு வருடம் நோட்டு எழுதிப் பார்க்கிறேன் மாஸ்டர், ஸ்குவாட்டில் என் தப்பைத் திருத்துங்கள்' என்று கேளுங்கள். திருத்தித் தந்தால் அங்கேயே இருங்கள். மறுபடியும் ஊசியைப் பற்றியே பேசினால் வேறு ஜிம் பாருங்கள்.