சஸ்ஸிகாயா ஒயின் அந்த விலைக்குத் தகுமா, வெறும் பெயர்தானா?

யாரோ உங்களுக்கு ஒரு பாட்டில் பரிசளித்திருப்பார்கள், விலையை விசாரித்துத் திகைத்துப்போய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த விலையைச் சம்பளத்திலிருந்து கட்டியவன் நான். தகும். ஆனால் புது பாட்டிலை அவசரப்பட்டுத் திறந்தால் தகாது.

இத்தாலியில் லிவோர்னோ நகர உணவகம் ஒன்றில் பரிமாறும் வேலையில் இருந்தேன். இந்த ஒயின் விளையும் போல்கெரி அதே மாவட்டத்தில், தெற்கே கடலோரமாக இருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் அப்போதுதான் விற்பனைக்கு வந்திருந்த சஸ்ஸிகாயாவைக் கேட்டார். இது இன்னும் இளசு, கண்ணாடிக் குடுவையில் ஊற்றிச் சற்று நேரம் காற்றாட விடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஒரு வாய் குடித்தவர், துவர்க்கிறது, கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பினார். மேலாளர் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. எல்லார் முன்னிலையிலும் என்னைத் திட்டிவிட்டு, மூன்று மாதச் சம்பளத்தில் அந்தத் தொகையைப் பிடித்தார். பின்னொரு நாள் உள்ளூர்ப் பையன் ஒருவன் அதைவிட விலை கூடிய பாட்டிலைப் போட்டு உடைத்தான். அவனிடம் ஒரு காசு பிடிக்கவில்லை.

மீதி ஒயினை அறைக்கு எடுத்துப் போனேன். திருடினேன் என்று யாரும் எழுத வேண்டாம், சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். மறுநாள் இரவு குடித்தபோது நாக்கைப் பிடித்த துவர்ப்பு அடங்கியிருந்தது. நாவல்பழச் சாற்றின் கருமை, பழைய மரப்பெட்டியைத் திறந்தாற்போல ஒரு வாசனை. கோபத்தோடுதான் குடித்தேன், ஆனாலும் அது நல்ல ஒயின் என்பதை மறுக்க முடியவில்லை.

இந்த ஒயினைத் தயாரிக்கும் தெனூட்டா சான் குய்டோ பண்ணையில் இதைத் தொடங்கிவைத்த மாரியோ இன்சீசா தெல்லா ரொக்கெட்டாவும், ஒயின் சரியில்லை என்ற இதே பேச்சைக் கேட்டவர்தான். போல்கெரி இருக்கும் டஸ்கனி வட்டாரம் சாஞ்சொவேசே என்ற திராட்சைக்குப் பேர்போனது. அங்கே 1940களில் பிரான்சின் கேபர்நே என்ற திராட்சைக் கொடிகளை நட்டார். சஸ்ஸோ என்றால் கல். அந்தக் கல் நிலம்தான் ஒயினுக்குப் பெயர் தந்தது. முதலில் சுவைத்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. அவர் அதைக் குடும்பத்துக்கென்று வைத்துக்கொண்டார். ஆண்டுகள் போகப் போகத்தான் பழைய பாட்டில்கள் தேறியிருப்பது தெரிந்தது. 1968 அறுவடைதான் முதன்முதலில் சந்தைக்குப் போனது. 1978இல் லண்டனில் பல நாட்டு கேபர்நே ஒயின்களோடு வைத்துச் சுவைத்தபோது 1972ஆம் ஆண்டு சஸ்ஸிகாயா முதலிடம் பெற்றது. அதற்குப் பிறகும் 1994 வரை, இத்தாலியச் சட்டப்படி அது கடைசித் தரமான 'மேசை ஒயின்'தான்! 2013இலிருந்து அந்த ஒரே பண்ணைக்கென்று தனித் தரப்பெயர் உண்டு.

குடியைப் பரப்புகிறேன் என்று சிலர் வருவார்கள், தெரியும். என் சித்தப்பாவே நான் சாராயக் கடையில் வேலை செய்வதாக ஊரெல்லாம் சொல்லி, தங்கைக்கு வந்த வரன் ஒன்றைக் கெடுத்தார். அந்தத் தங்கையின் படிப்புச் செலவு இந்தச் சம்பளத்தில்தான் போனது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

உங்கள் பாட்டிலுக்கு வருகிறேன். எங்கே வாங்கியது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2020இல் போலி சஸ்ஸிகாயா தயாரித்த கும்பலை இத்தாலியக் காவல்துறை பிடித்தது. பிறகு லேபிளில் ஆண்டைப் பாருங்கள். பத்து ஆண்டு ஆகவில்லை என்றால், வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் படுக்கவைத்துவிடுங்கள்.