முதியவர்களின் உடலில் நீடிக்கும் அழற்சியை உணவால் குறைக்க முடியுமா?

முடியும், ஆனால் ஓரளவுக்குத்தான், அதுவும் மெதுவாக.

அடிபட்ட இடம் சிவந்து வீங்குவதும் அழற்சிதான்; ஆறியதும் தணிந்துவிடும். முதுமையில் வரும் அழற்சி வேறு: காயமோ கிருமியோ இல்லாமலே உடலெங்கும் தணலாகக் கனன்றுகொண்டிருக்கும். இத்தாலிய ஆய்வாளர் கிளாடியோ பிரான்செஸ்கி 2000இல் இதற்குத் தனிப் பெயரே சூட்டினார். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு ஒரு முக்கியக் காரணம். அந்தத் திசுவே அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கிறது.

என்னைக் கேட்டால் முதலில் கவனிக்க வேண்டியது நார்ச்சத்து. பருப்பு, காய்கறி, முழுதானியங்களில் நம்மால் செரிக்க முடியாத நாரைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்து, பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடல் சுவரின் செல்கள் பெரும்பாலும் பியூட்டிரேட்டைக் கொண்டே ஆற்றல் பெறுகின்றன. சுவர் உறுதியாக இருந்தால், அழற்சியைத் தூண்டும் பாக்டீரிய நச்சுகள் ரத்தத்தில் கசிவது குறையும். கொழுப்பு மிகுந்த மீன்களில் உள்ள ஒமேகா-3 அமிலமும் நல்லது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: அழற்சியைக் குறைப்பதாக எண்ணி முதியவரைப் பட்டினி போடாதீர்கள். தசை கரைந்தால் கீழே விழும் அபாயம் கூடும். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். சிறுநீரக நோய் இருந்தால் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.