சம்பளக் கணக்குச் செயலியில் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: எங்கள் நிறுவனம் இப்போது சம்பளத்தை ஒரு டிஜிட்டல் கணக்கில் போடுகிறது. அதன் செயலி உணவுக்கு இவ்வளவு, பயணத்துக்கு இவ்வளவு என்று வட்ட வரைபடம் போட்டுக் காட்டுகிறது. ஆனாலும் மாதக் கடைசியில் பணம் எங்கே போனது என்று பிடிபடுவதில்லை. இதனால் உண்மையில் பயன் உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. ஆனால், வட்டத்தில் தொடங்காதீர்கள். முதலில் சம்பளச் சீட்டைத் திறந்து, சென்ற மாதச் சீட்டோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். மிகைநேரப் படி விடுபட்டிருந்தாலும், கட்டி முடித்த கடனுக்கு இன்னும் தவணை பிடித்துக்கொண்டிருந்தாலும் அங்கேதான் தெரியவரும். கைக்கு வந்த தொகையை மட்டும் பார்த்துவிட்டுச் செயலியை மூடிவிடுபவர்களே அதிகம். உழைத்த பணம் முதலில் நழுவும் இடம் அது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து இருப்பு. கார்டில் செலுத்திய தொகை சில நேரங்களில் ஓரிரு நாள் ‘நிலுவை’ என்றே நிற்கும். விடுதி அறைக்கோ வாடகைக் காருக்கோ கார்டு கொடுத்தால், முன்கூட்டியே ஒரு தொகையை நிறுத்திவைப்பார்கள். இவை கழிந்த பிறகு மிஞ்சுவதே நீங்கள் எடுக்கக்கூடிய இருப்பு. அதிலும் அடுத்த வாரம் கட்ட வேண்டிய வாடகை கழிந்திருக்காது. கணக்குக்குள்ளேயே தனி உண்டியல் போலப் பிரித்து வைக்கும் வசதி இருந்தால், சம்பளம் வந்த அன்றே வாடகையையும் தவணைகளையும் அதில் ஒதுக்கிவிடுங்கள். மீதியைப் பார்த்தால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

வட்ட வரைபடத்துக்கு ஒரு குறை உண்டு. செயலிக்கு நீங்கள் வாங்கிய பொருள் தெரியாது. பெரும்பாலும் கடையின் வகையைக் குறிக்கும் நான்கு இலக்கக் குறியீட்டை வைத்தே செலவைப் பிரிக்கிறது. பல்பொருள் அங்காடியில் மாத்திரை, சோப்பு, நோட்டுப் புத்தகம் எதை வாங்கினாலும் மளிகைக் கணக்கில்தான் சேரும். ஏடிஎம்மில் எடுத்த பணமோ வெறும் ‘ரொக்கம்’ என்று மட்டும் நிற்கும். உங்களுக்குப் பிடிபடாத செலவு அதற்குள் இருக்கவே வாய்ப்பு அதிகம். ரொக்கம் எடுத்த கையோடு, எதற்கு என்று செயலியின் குறிப்பில் ஒரு சொல் எழுதிவிடுங்கள். பார்க்காமலே புதுப்பித்துக்கொண்டிருக்கும் சந்தாக்களையும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

கேள்வி: சம்பள நாளுக்கு முன்பே ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளலாம் என்று செயலி சொல்கிறது. கட்டணம் சிறியதுதான். எடுக்கலாமா?

பதில்: அவசரத்துக்கு எடுக்கலாம், பழக்கமாக்க வேண்டாம். ஒரு வாரம் முன்னதாக 100 எடுக்க 2 கட்டணம் என்றால், ஆண்டுக் கணக்கில் அது 104 சதவீதம். அடுத்த சம்பளமும் அந்த அளவுக்குக் குறைந்தே வரும். அந்தக் குறையை ஈடுகட்ட மறுபடியும் எடுக்கத் தோன்றும். சில சேவைகளில் உடனே பணம் வர மட்டும் கட்டணம், ஓரிரு நாள் பொறுத்தால் இலவசம். பொத்தானை அழுத்துவதற்கு முன் அந்த வாய்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.