ஆசாரம் முழுக்கப் பொம்மை: கேள்வி பதில்

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு மழலையர் பள்ளியில் 18 வருடம் பிள்ளைகளோடு இருந்தவள் நான். இப்போது வீட்டில் பேரனும் பேத்தியும். எங்கள் பக்கம் ஆசாரம் என்று சொல்லும் வீட்டுக் கூடத்தில் பொம்மை சேர்ந்துபோவது பற்றி வந்த கேள்விகளுக்கு, எனக்குக் கைகண்ட வழிகளைச் சொல்கிறேன்.

பெருந்துறையிலிருந்து: பையனுக்கு நாலு வயசு. ஆசாரத்தில் கால் வைக்க இடமில்லை. எடுத்து வைத்தே இடுப்பு போகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பதுங்க?

எடுத்து வைப்பதை விடுங்கள் அம்மணி, வெளியே கிடப்பதை முதலில் குறையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தப் பொம்மையையும் ஒரே இடத்தில் கொட்டுங்கள். கட்டிலுக்கு அடியில் போனது, சோபா இடுக்கில் சிக்கியது எல்லாம் வரட்டும். சக்கரம் போன கார், பாதித் துண்டு காணாமல் போன பசில் எல்லாம் ஒரு பக்கம். மிச்சத்தில் இந்த வாரம் பையன் நிஜமாகவே விளையாடியது எது என்று பாருங்கள். பெரும்பாலும் பத்தைத் தாண்டாது. அதை மட்டும் வெளியே வைத்துவிட்டு, மற்றதை இரண்டு மூன்று பையாகக் கட்டி அட்டாலியில் (பரணில்) ஏற்றிவிடுங்கள்.

அப்புறம் அமாவாசைக்கு ஒரு தடவை, பௌர்ணமிக்கு ஒரு தடவை பையை மாற்றுங்கள். தேதி நினைவு வைக்க வேண்டியதில்லை. பதினைந்து நாள் கண்ணில் படாத பொம்மை இறங்கி வரும்போது, அன்றைக்குத்தான் கடையில் வாங்கியது போலப் பிள்ளை ஓடி வரும்.

பொம்மை குறைந்தால் பிள்ளை ஏங்கிப்போகுமோ என்ற பயம் வேண்டாம். அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தில் ஒன்றரை முதல் இரண்டரை வயது வரையுள்ள 36 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2018-ல் வெளிவந்தது. ஒரு முறை 4 பொம்மை, இன்னொரு முறை 16 பொம்மை கொடுத்துப் பார்த்தார்கள். நாலு இருந்தபோதுதான் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், பல விதமாக விளையாடினார்கள். என் வகுப்பிலும் இதையேதான் கண்டேன். கூடை கூடையாகக் கொட்டிய நாளில் எடுப்பதும் எறிவதுமாகப் போகும். மரக்கட்டை மட்டும் வைத்த நாளில் அதே பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டே கட்டிவிடுவார்கள்.

திருப்பூரிலிருந்து: அப்புச்சி (தாய்வழித் தாத்தா) வரும்போதெல்லாம் ஒரு பொம்மையோடுதான் வருகிறார். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடுகிறது. என்ன செய்வது?

வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பேத்தியைப் பார்க்க வெறும் கையோடு வர அவருக்கு மனசு வராது. அதனால் வேறொன்றைக் கேளுங்கள். கலர் பென்சில், படம் வரையும் நோட்டு, ஒரு டஜன் வாழைப்பழம். தீர்ந்துபோகிற பொருள் வீட்டில் சேராது. வாங்கியே தீருவேன் என்றால், "உங்க வீட்டிலேயே இருக்கட்டுங்க, அவள் அங்கே வரும்போது விளையாட வேண்டாமா" என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. அவருக்குப் பனங்காய் வண்டி செய்யத் தெரியும், தென்னங்கீற்றில் பாம்பும் பீப்பியும் செய்யத் தெரியும். அவரிடம் அதைக் கேளுங்கள். நாலு நாளில் காய்ந்து, குப்பைக்குழியில் போய் உரமாகிவிடும். ஆனால் கூட உட்கார்ந்து செய்த அந்த மத்தியானம் பேத்திக்கு ரொம்ப நாள் நினைவிருக்கும்.

பொள்ளாச்சியிலிருந்து: பிள்ளை தூங்கும்போது வேண்டாததை எல்லாம் தூக்கிப் போட்டுவிடலாமா?

உடைந்து கையைக் கிழிக்கிற மாதிரி இருப்பதைப் போடுங்கள். மற்றதைச் சொல்லாமல் போடாதீர்கள். என் மகனுக்கு மூன்று வயதில், ஒரு காது பிய்ந்த துணி யானையை அழுக்கு என்று தூக்கிப் போட்டேன். எட்டு நாள் தேடினான். அதற்குப் பிறகு நான் எதைக் கையில் எடுத்தாலும் பிடுங்கிக்கொள்ள ஆரம்பித்தான். அந்தத் தப்பு என்னுடையது. வீட்டில் எது யாருடையது என்று பிள்ளைக்குத் தெரியும். கேட்டுவிட்டு எடுத்தால் கொடுக்கப் பழகும். கொடுக்கட்டுமா வேண்டாமா என்று இழுத்தால், அதையும் அட்டாலியில் இரண்டு மாதம் வைத்துப் பாருங்கள். கேட்கவே இல்லை என்றால் அப்போது பேசலாம்.

கரூரிலிருந்து: பெரியவளுக்கு ஆறு வயசு, சின்னவனுக்கு ஒன்பது மாதம். அவளுடைய குட்டிக் குட்டிப் பொருளை இவன் வாயில் போடுகிறான்.

இது இட நெருக்கடி மட்டும் இல்லை, உயிர் விஷயம். மூன்று வயது வரை, வாய்க்குள் முழுதாகப் போகும் எதுவும் எட்டும் உயரத்தில் இருக்கக் கூடாது. பெரியவளின் மணி, சின்னக் கட்டை எல்லாம் மேஜை மேல்தான், தரைக்கு வரவே கூடாது என்று வையுங்கள். பட்டன் பேட்டரியும் குட்டிக் காந்தமும் இன்னும் மோசம். பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து: என்ன டப்பா வாங்கலாம்?

இப்போதைக்கு வாங்காதீர்கள். முதலில் பொம்மை குறையட்டும். பிறகும் தேவைப்பட்டால் மூடியில்லாத, ஆழமில்லாத கூடை போதும். ஆழமான டிரம்மில் போட்டால் அடியில் கிடப்பதை எடுக்க மொத்தத்தையும் கவிழ்ப்பார்கள்.

நாமக்கல்லிலிருந்து: கழித்ததை என்ன செய்வது? தேர்த் திருவிழாக் கடையில் வாங்கியதே ஒரு மூட்டை தேறும்.

தைப்பொங்கலுக்கு முன்னால் காப்புக் கட்டுவதற்காக வீடு ஒழிப்போம் இல்லையா, அந்த வாரம் இதற்கு நல்ல நேரம். நன்றாக இருப்பதைக் கழுவிக் காயவைத்து, பக்கத்து அங்கன்வாடியில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். உடைந்ததைக் கொடுக்காதீர்கள். பிளாஸ்டிக்கைக் கொளுத்தவும் கூடாது. பிவிசி எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு வரும். பேட்டரியைக் கழற்றித் தனியாகப் போடுங்கள்.

இனி வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். தேருக்குப் போகும் முன்பே "இன்றைக்கு ஒன்றே ஒன்று" என்று பேசிக்கொண்டு போங்கள். எது என்று பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

பவானியிலிருந்து: எடுத்து வை என்றால் என் மகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

உங்கள் ஊர் ஜமக்காளம் ஒன்று சின்னதாக எடுங்கள். அதை விரித்தால்தான் விளையாட்டு, பொம்மை எல்லாம் அதற்குள்ளேதான். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் நீங்கள் இரண்டு முனை, அவள் இரண்டு முனை பிடித்துத் தூக்கி, கூடையில் சரித்துவிடுங்கள். முதல் பத்து நாள் கூட நில்லுங்கள். அப்புறம் அவளே உங்களைக் கூப்பிடுவாள்.